அத்தை அடைகாத்த கல்

போன வாரம் நான் ஒரு டைனோசரை மிதித்துவிட்டேன். ஈப்போ சிலிபினில் மகள் வீட்டுக் கூடத்தில், கண்ணாடி போடாமல் நடந்ததன் பலன். மூன்று கொம்பு வைத்த பிளாஸ்டிக் மிருகம். ஒரு கொம்பு குதிகாலில் ஏறிவிட்டது. பேரன் ஓடி வந்தான். என் காலைப் பார்க்கவில்லை, கொம்பைத்தான் தடவிப் பார்த்தான். "இதெல்லாம் எப்பவோ செத்துப்போச்சு பாட்டி, ஒருத்தரும் பார்த்ததில்ல" என்று எனக்குப் பாடம் வேறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டேய், என்னுடைய அத்தை இதில் ஒன்றை அடைகாத்துப் பொரிக்க வைத்தவளடா என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அவன் தன் அம்மாவைக் கூப்பிட்டு, பாட்டிக்கு மருந்து கொடுத்தாயா என்று கேட்பான். ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நம் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். நாம் பார்க்காத வேடிக்கையா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எட்டு வயது இருக்கும். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகிற பக்கம், ஒரு சுண்ணாம்பு மலையின் அடியில் எங்கள் ரப்பர் தோட்டம். காலையில் மலைக்கு இந்தப் பக்கம் இருட்டாகவும் மேலே உச்சி மட்டும் வெள்ளையாகவும் இருக்கும். பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முடிக்கிற நேரத்துக்கு அந்த வெள்ளை மெல்ல இறங்கி நாங்கள் குடியிருந்த லயத்துக் கூரைக்கு வரும். அப்பாவும் அம்மாவும் பால்வெட்டு. அப்பாவின் அக்கா, என் அத்தை, புகைவீட்டில் வேலை.

புகைவீட்டை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாலை உறைய வைத்து, தகடாக உருட்டி, துணி காயப்போடுவதுபோல மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, அடியில் விறகு மூட்டிப் புகைபோடுகிற கட்டடம். உள்ளே போனால் கண் எரியும், மூக்கு ஒழுகும். வெளியே அடுப்பை ஒட்டிய செங்கல் சுவர் மட்டும் எப்போதும் இதமான சூட்டில் இருக்கும். மழைக்காலத்தில் லயத்துப் பெண்கள் ஈரத்துணியை அங்கேதான் கொண்டுவந்து காயவைப்பார்கள். அதனால் எங்கள் சட்டை, பாவாடை எல்லாவற்றிலும் கருவாட்டுக்கும் காப்பிக்கும் நடுவான ஒரு வாசனை வீசும். இளையவர்கள் அதை நாற்றம் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

அத்தை உயரமானவள். சதா வெற்றிலை. மாமா என்று ஒருவர் இருந்தாராம். பீடோர் பக்கம் வேலைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார் என்று சொல்வார்கள். அதைப் பற்றி யாரும் அத்தையிடம் கேட்டதில்லை, அவளும் பேசியதில்லை. பிள்ளை கிடையாது. தகடுகளோடு பேசுவாள், விறகோடு பேசுவாள், அடுப்போடு சண்டை போடுவாள். "ஒங்க அக்கா ஒரு மாதிரிலா" என்று தோட்டத்தில் யாராவது சொன்னால் அப்பா தலையைக் குனிந்துகொள்வார். அம்மாவோ, யாரைக் கண்டாலும் நையாண்டி செய்கிறவள், அத்தையை மட்டும் ஒரு சொல் சொல்லமாட்டாள். அது ஏன் என்று நான் அப்போது யோசித்ததில்லை.

அத்தை என்னைக் கூப்பிடுவது "பொகைக்குட்டி" என்று. எனக்கு அது பிடிக்காது. நான் கொஞ்சம் கறுப்பு. என் நிறத்தைத்தான் கேலி செய்கிறாள் என்று நினைத்து அந்தப் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மற்றப் பெண்களும் அவளைப் பார்த்து அப்படியே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

இனி அந்தக் கல். ஊரைவிட்டு வருகிறவர்கள் குலசாமி கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து, போன இடத்தில் வைத்துச் சாமி கும்பிடுவது நமக்கெல்லாம் வழக்கம். பிடிமண் என்போம். எங்கள் ஊர் அரியலூர்ப் பக்கம். அத்தை கப்பலேறும்போது மற்றவர்கள் மண்ணை முடிந்துகொள்ள, இவள் மட்டும் கோயில் ஓடையில் இறங்கி ஓர் உருண்டைக் கல்லைத் தூக்கிக்கொண்டாளாம். இளசான தேங்காய் அளவு இருக்கும். கேட்டதற்கு, "மண்ணு கரைஞ்சு போயிரும். கல்லு கரையுமா?" என்றாளாம். கப்பலில் அதைச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தவர்கள், இந்தப் பெண் கைப்பிள்ளைக்குப் பாலே கொடுக்கவில்லையே என்று பேசிக்கொண்டதாக அப்பா சொல்வார். அப்பா அதைச் சிரிப்பதற்காகச் சொல்வார்.

மலையடியில் ஒரு மரத்தின் கீழ் அந்தக் கல்லை வைத்து, உருண்டைச் சாமி என்று பெயரிட்டு, எண்ணெய் பூசிப் பூசி அது கருகருவென்று ஆகியிருந்தது. தோட்டமே கும்பிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதன்மேல் வைத்த மஞ்சளைத்தான் கொண்டுபோய் நெற்றியில் இடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துப் பெரிய துரையோடு இன்னொரு வெள்ளைக்காரர் வந்தார். ஒல்லி. முழங்கால் எலும்பு துருத்திக்கொண்டு இருக்கும். மலைக் குகைகளில் புகுந்து கல் பொறுக்குவதே அவர் வேலை என்று தெரிந்ததும் அன்று மத்தியானத்துக்குள் அவருக்குக் கல்லுத்துரை என்று பெயராகிவிட்டது. மலையைப் பார்க்கப் போனவர் மரத்தடியில் நின்றார். குனிந்தார். அங்கேயே உட்கார்ந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தார் என்பதை எங்கள் பெண்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அத்தையைக் கூட்டிவரச் சொன்னார்கள். மொழிபெயர்க்க, ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் வந்தார். கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், வெள்ளை உடுப்பு, கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. ஆனால் அவர் தமிழும் எங்கள் தமிழும் ஒரே வீட்டில் பிறந்து வேறு வேறு வீட்டில் வளர்ந்தவை. அவர் தோட்டத்துக்கு வந்த புதிதில் அத்தையைப் பார்த்து, "நீர் ஆர்?" என்று கேட்டிருக்கிறார். அத்தை உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து, "ஆறின நீருதாங்கய்யா, குடிங்க" என்று நீட்டினாள். அவரும் வாங்கிக் குடித்துவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரு மரியாதை.

கல்லுத்துரை ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். நாங்கள் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். உங்களுக்கு எப்படிச் சொல்வது. நான் அதுவரை பார்த்த பெரிய உயிர், தோட்டத்துக்கு மரம் இழுக்க வந்த யானை. இந்தப் படத்தில் இருந்தது யானையைப் போல உடம்பு, உடும்பைப் போல வால், கழுத்து மட்டும் ஒரு லயத்தின் நீளத்துக்கு. மரத்துக்கு மேலே தலை போய்விட்டிருந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னத் தலை, அதில் ஒரு சாதுவான கண். இலைதான் தின்னும் என்று கிராணியார் சொன்னார். அந்தக் கண்ணைப் பார்த்தவுடன் எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. இன்றைக்கும் போகவில்லை. பேரனின் பொம்மைகளில் நீளக் கழுத்துக்காரனை மட்டும் நான் அலமாரியில் தனியே எடுத்து வைப்பேன்.

பிறகு கல்லுத்துரை ஒரு பூதக்கண்ணாடியைக் கல்மேல் பிடித்தார். எண்ணெய் போன ஓர் இடத்தில் அத்தை பார்த்தாள். நானும் முண்டியடித்துக்கொண்டு பார்த்தேன். பலாப்பிஞ்சின் தோல்போலப் பொடிப்பொடியாகப் புள்ளி. அத்தனை நாள் தொட்டுக் கும்பிட்ட கல்லுக்கு அப்படி ஒரு தோல் இருந்தது எங்களுக்குத் தெரியாது.

கிராணியார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"உது கல்லில்லையாம். முட்டையாம். இந்தப் படத்திலை இருக்கிற சாதி மிருகம் இட்டது எண்டு துரை நினைக்கிறார். உள்ளுக்கை குஞ்சு கிடக்காம்."

எல்லாரும் படத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அத்தை மட்டும் கேட்டாள். "என்னங்கய்யா சொன்னீங்க? குஞ்சு?"

"ஓம். உள்ளுக்கை குஞ்சு கிடக்கு."

இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் நடந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு எல்லாமே கிடக்கும். சட்டியில் கறி கிடக்கும், பெட்டியில் உடுப்புக் கிடக்கும். இருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். செத்துக் கல்லாய்ப்போன குஞ்சு ஒன்று உள்ளே இருக்கலாம், அதைத்தான் துரை சொன்னார், அதைத்தான் கிராணியாரும் சொன்னார். எங்கள் லயத்தில் அந்தச் சொல்லுக்குக் கனம் வேறு. காய்ச்சலில் ஆள் கிடப்பான். பேறுகாலத்துக்குப் பெண் கிடப்பாள். கிடக்கிறது என்றால் மூச்சு இருக்கிறது, எழுந்திருக்க நேரம் பார்க்கிறது என்று பொருள்.

அத்தையின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

கல்லுத்துரைக்கு அந்தக் கல் வேண்டும். கொண்டுபோய் ரம்பத்தால் இரண்டாக அறுத்து உள்ளே பார்க்க வேண்டும். பெரிய துரை, இதற்கெல்லாம் கேட்பானேன், எடுத்துக்கொண்டு போங்கள் என்று கையை வீசினார். அதைக் கிராணியார் மொழிபெயர்க்கவில்லை, ஆனால் கையைப் பார்த்தாலே புரிந்தது. அத்தை கல்லின்மேல் சேலை முந்தானையைப் போட்டு மூடினாள்.

"அறுத்தா குஞ்சு செத்துப்போயிரும். தொரைய இருக்கச் சொல்லுங்க. நான் பொரிக்க வச்சுத் தாரேன். குஞ்சு வெளிய வந்ததும் ஓட்ட அவரு கொண்டுபோவட்டும்."

கிராணியார் சங்கடத்தோடு இதைச் சொன்னார். பெரிய துரை விழுந்து விழுந்து சிரித்தார். கல்லுத்துரை சிரிக்கவில்லை. வடக்கே இன்னும் சில குகைகளைப் பார்க்கப் போகிறேன், மழை விட்டதும் இந்த வழியாகத் திரும்புவேன், அதுவரை இருக்கட்டும் என்றார். அதற்குள் குஞ்சு வந்தால் ஓடு அவருக்கு, வராவிட்டால் கல் அவருக்கு. ரம்பம் தயாராக இருக்கும். இதுதான் பேச்சு.

மறுநாளே அத்தை உருண்டைச் சாமியை மரத்தடியிலிருந்து எடுத்துவிட்டாள். எண்ணெயைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். புகைவீட்டின் அடுப்புச் சுவரை ஒட்டி ஒரு பிரம்புக் கூடை, கூடைக்குள் இலவம்பஞ்சு அடைத்த ஒரு குட்டி மெத்தை, அதற்குள் கல். அந்த மெத்தை அத்தையின் தகரப்பெட்டியில் அடியில் இருந்தது. என் பொம்மைக்குக் கேட்டு நான் ஒருமுறை அடிவாங்கிய மெத்தை. பழுப்பேறி, ஓரம் கருகி, ஒரு கைக்குழந்தைக்குக்கூடப் போதாத அளவில் இருக்கும். எனக்குத் தராததைக் கல்லுக்குக் கொடுத்தாளே என்று எனக்குப் பொறாமை.

லயத்தில் பேச்சு எழும்பியது. சாமியைக் கொண்டுபோய்ப் புகையில் வைப்பதா என்று பெரியவர்கள் சிலர் வந்து கேட்டார்கள்.

"சாமி இத்தன நாளும் சும்மாவா உக்காந்திருந்துச்சு? யாராச்சும் சூடு காட்டுவாங்களான்னு பார்த்துக்கிட்டு இருந்துச்சு" என்றாள் அத்தை. "முட்டைக்குச் சூடுதான் பூசை. போங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க."

கேட்க வந்தவர்களே பிறகு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். கோழி முட்டையைப் புரட்டிவிடுவதுபோல இதையும் புரட்ட வேண்டும் என்றாள் ஒருத்தி. அத்தை காலையும் மாலையும் புரட்டினாள். மத்தியானம் வேலை முடிந்த பெண்கள் கூடையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொருத்தியாகக் கல்லில் காதை வைத்துக் கேட்பார்கள். ஏதோ கேட்கிறது என்பாள் ஒருத்தி, அது உன் வயிற்றுச் சத்தம் என்பாள் இன்னொருத்தி. குஞ்சு வந்தால் எங்கே கட்டுவது, எவ்வளவு தழை வேண்டும், தாயைத் தேடி அழுமா என்றெல்லாம் பேச்சு. அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை.

"அக்கா, அது வந்து மரத்தையெல்லாம் மேஞ்சுட்டா நாங்க எதுல பால் வெட்டுறது?" என்று கேலியாகக் கேட்டார்.

"புல்லு மேயப் பழக்கிக்கலாம்டா" என்றாள் அத்தை, தகடுகளைப் புரட்டிக்கொண்டே.

அம்மா சிரிக்கவில்லை. அன்று மாலை தலைச்சுமையாக விறகு கொண்டுவந்து அத்தையின் அடுப்பருகே போட்டுவிட்டுப் போனாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, நீயுமா என்பதுபோல் அம்மாவைப் பார்த்தார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அப்பா சட்டென்று அடங்கிப்போனார். நான் அதையும் பார்த்தேன். எட்டு வயதில் நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம், ஒன்றும் புரிவதில்லை.

என் பங்குக்கு நானும் கனவு கண்டேன். அது பெரிதாகி லயத்து வாசலில் நிற்கும், நான் அதன் கழுத்தில் ஏறி மலை உச்சி வெளிச்சத்தை முதலில் தொடுவேன், பால் வாளிகளை அதன் முதுகில் ஏற்றி அம்மாவுக்குச் சுமையில்லாமல் செய்வேன். அத்தையிடம் சொன்னேன். அவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "மொதல்ல அது கண்ணத் தொறக்கட்டும். பொறந்த ஒடனே வேல வாங்க நீ என்ன தொரையா?" என்றாள்.

விஷயம் பெரிய துரையின் பங்களாவரை போய், விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சிரிக்கிற கதையாகிவிட்டது. கிராணியாருக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். ஒருநாள் குடையைப் பிடித்துக்கொண்டு புகைவீட்டுக்கு வந்தார். அந்த வெள்ளை உடுப்போடு அவர் புகைவீட்டுப் பக்கம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"இஞ்சை பாரும். பிழை என்ரை. நான் கிடக்கு எண்டது உயிரோடை எண்டில்லை. எங்கடை ஊரிலை அப்பிடித்தான் கதைக்கிறது. அது எப்பவோ செத்தது. கல்லாப்போச்சு. நீர் வீணா மினக்கெடாதையும்."

அத்தை எழுந்து நின்று கேட்டாள். முழுவதையும் கேட்டாள். பிறகு கூடையைப் பார்த்தாள்.

"ஐயா, நீங்க தொரை சொன்னதச் சொன்னீங்க. தொரை மேல இருந்து பார்த்தாரு. உள்ள பார்த்தாரா?"

"இல்லை. பாக்கத்தானே அறுக்கவேணும் எண்டுறார்."

"அப்பறம் செத்துருச்சுன்னு எப்படிச் சொல்றாரு? கிடக்குன்னு நீங்க சொன்னதுதாங்கய்யா சரி. பார்க்கிறவரைக்கும் கிடக்குன்னுதான் வச்சுக்கணும்."

கிராணியார் கூடையைக் குனிந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மடித்து மறுபடி பைக்குள் வைத்தார். போகும்போது விறகுக் குவியலிலிருந்து ஒரு கட்டையை எடுத்து அடுப்பருகே தள்ளி வைத்துவிட்டுப் போனார். உடுப்பில் கரி பட்டதை அவர் கவனிக்கவில்லை.

மழை வலுத்தது. கின்தா பள்ளத்தாக்கின் மழை உங்களுக்குத் தெரியும், மத்தியானம் மலையை மறைத்துக்கொண்டு வந்து நிற்கும். ஒரு நாள் நான் கூடைக்கருகில் உட்கார்ந்து இருக்கும்போது காற்றோடு சாய்மழை அடித்தது. புகைவீட்டுத் தகரக் கூரையின் ஓரம் தூக்கிக்கொண்டு, அங்கிருந்து தண்ணீர் சரசரவென்று சூடேறிக் கிடந்த கூடையின் மேலேயே கொட்டிவிட்டது. பீங்கான் கோப்பை உடைகிற மாதிரி ஒரு சத்தம். நான் அலறிக்கொண்டு அத்தையைக் கூப்பிட்டேன்.

அவள் தகடுகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மெத்தையை விரித்தாள். கல் இரண்டாகப் பிளந்திருந்தது.

உள்ளே குழிவு. குழிவு முழுக்கக் கற்கண்டு பதித்ததுபோலச் சின்னச் சின்னப் படிகங்கள். அடுப்பு வெளிச்சம் பட்டு அத்தனையும் மின்னிற்று. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேறு ஒன்றும் உள்ளே இல்லை.

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பாதிகளையும் மடியில் வைத்துக்கொண்டு குழிவுக்குள் விரலைவிட்டுத் தடவிப் பார்த்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குஞ்சு இல்லை, இனி துரை வந்து சிரிப்பார், தோட்டமே சிரிக்கும், அத்தை என்ன செய்வாள் என்று பயமாக இருந்தது.

அத்தை நிமிர்ந்து கூடையைச் சுற்றிப் பார்த்தாள். கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீர் கூடையின் அடியில் கசிந்து, புழுதியில் ஒரு கோடாக நெளிந்து, வெளியே கால்வாய் வரை போயிருந்தது.

"ஈரத்தப் பாருடி" என்றாள். "பொரிச்சுப் போயிருச்சு. நாம பார்க்கக் குடுத்து வைக்கல. ஆனா போயிருச்சு."

அவள் அதை நம்பினாளா, எனக்காகச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். அன்று நான் நம்பினேன். ஒரு படிகத்தை நக்கிக்கூடப் பார்த்தேன். இனிக்கவில்லை. புகை வாசனை மட்டும் இருந்தது.

அத்தை அன்று மாலையே சாவடிக்கடையில் கற்கண்டு வாங்கி லயம் முழுக்கக் கொடுத்தாள், பிள்ளை பிறந்த வீட்டில் கொடுப்பதுபோல. வாங்கமாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கால்வாய் ஓரம் ஒரு சின்ன உடும்பு தென்பட்டது. உடும்புக் கறிக்கு நாக்கைத் தொங்கப்போடுகிற ஆட்கள் எங்கள் தோட்டத்தில் நிறைய. அவர்களில் ஒருவர்கூடக் கல் எடுக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் அப்புறம் யாரும் உடும்பு தின்றதாக எனக்கு நினைவில்லை. "எதுக்குலா வம்பு" என்பார்கள்.

மழை விட்டுக் கல்லுத்துரை திரும்பி வந்தார். இன்னும் இளைத்திருந்தார். பெரிய துரையும் வேடிக்கை பார்க்க வந்தார். அத்தை பித்தளைத் தட்டில் இரண்டு பாதிகளையும் வைத்து, பக்கத்தில் வெற்றிலையும் கற்கண்டும் வைத்து நீட்டினாள்.

"குஞ்சு வந்துருச்சு. ஓடு ஒங்களுக்கு. பேசின பேச்சு."

கிராணியார் அதை இங்கிலீசில் சொன்னார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை. பெரிய துரைதான் வாயைப் பொத்திக்கொண்டார். கல்லுத்துரை தட்டை வாங்கிக்கொண்டார். படிகங்களை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்த சந்தோஷம் எங்கள் பிள்ளைகளுக்குக் கற்கண்டு கிடைத்தபோது இருந்த அதே சந்தோஷம். பிறகு ஏதோ கேட்டார்.

"எந்தப் பக்கம் போனது எண்டு கேக்கிறார்" என்றார் கிராணியார்.

அத்தை மலைப் பக்கம் கையைக் காட்டினாள். கல்லுத்துரை தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பெரிய துரையின் சிரிப்பு தானாக நின்றுபோயிற்று. அப்புறம் கல்லுத்துரை ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அத்தைக்குக் கைகூப்பிவிட்டுப் போனார்.

அந்த ஓடு எந்த ஊர் அலமாரியில் இருக்கிறதோ, கடலில் போயிற்றோ, தெரியாது. படித்தவர் ஒருவர் பார்த்தால் அது முட்டையே இல்லை, வெறும் கல் என்றும் சொல்லலாம். மரத்தடியில் கல் இருந்த பள்ளத்துக்கு அத்தை கடைசிவரை விளக்கேற்றினாள். இப்போது அந்தத் தோட்டம் வீட்டுமனை. புகைவீடு இருந்த இடத்தில் கார்கழுவும் கடை. மலையில் பாதியைச் சுண்ணாம்புக்காக வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பேரனின் புத்தகத்தில் ஒரு படம் இருக்கிறது. உலகத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் ஒரே கண்டமாக ஒட்டிக்கொண்டு இருந்ததாம், அந்த நீளக் கழுத்து மிருகங்களின் முன்னோர் கால் நனையாமல் எங்கும் நடந்து போனார்களாம். பிறகு அது உடைந்து, இந்தியா ஒரு துண்டாக மிதந்து போயிற்றாம். நம் ஈப்போ இருக்கிற பேராக் நிலமும் அதற்கு முன்பே அந்தப் பெருநிலத்திலிருந்து கழன்று வந்த ஒரு துண்டுதானாம். அத்தை கப்பலேறுவதற்கு முன்பே அவள் ஊரும் இந்த ஊரும் கப்பலேறியவைதான் போலிருக்கிறது. அவள் இருந்திருந்தால் இதைக் கேட்டு, அதுதானே என்று வெற்றிலையைத் துப்பியிருப்பாள்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. கல்லுத்துரை போன அன்று சாயங்காலம் நானும் அம்மாவும் குழாயடிக்குப் போனோம். எனக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அம்மா, குஞ்சு நெசமாவே வந்துச்சா?"

அம்மா குடத்தைக் குழாய்க்கு நேராக வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை.

"நீ ஏழாம் மாசத்துல பொறந்தவ. சொன்னா கண்ணுபட்டுரும்னு யாரும் ஒங்கிட்ட சொல்றதில்ல. உள்ளங்கையில அடங்கிருவே. அழுவல. நீலம் பாரிச்சுக் கெடந்தே. மருத்துவச்சி துணிய ஒன் மூஞ்சி மேல இழுத்து விட்டுட்டா. ஒங்கப்பா மம்பட்டிய எடுத்துக்கிட்டு மலையடிக்கே போயிட்டாரு. அத்ததான் துணிய வெலக்கிப் பார்த்துட்டு, 'இருங்க, உள்ள உசுரு கிடக்கு'ன்னா. அந்தக் குட்டி மெத்தையத் தச்சு, ஒன்ன அதுல சுத்தி, பொகவீட்டுச் செவுத்துல முதுக வச்சு உக்காந்தா. பால் குடுக்க மட்டுந்தான் எங்கிட்ட வருவே. எல்லாரும் அவளுக்குப் பித்துப் புடிச்சிருச்சுன்னாங்க. நானுந்தான் அழுதேன், குடுத்துரு, பொதச்சுரலாம்னு. அந்த வருச மழ விடுறவரைக்கும் அவ எந்திரிக்கல."

குடம் நிறைந்து வழிந்தது. அம்மா அதை இறக்கி என் இடுப்பில் வைத்தாள்.

"இப்பக் கேளு, வந்துச்சான்னு."

நான் கேட்கவில்லை. குடத்தோடு லயத்துக்குத் திரும்பி நடந்தபோது எதிரே அத்தை தலையில் விறகோடு வந்தாள். என்னைப் பார்த்து, "என்னடி பொகைக்குட்டி" என்றாள். அன்றைக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.